சான்றிதழ் பெறாத நசிலேலே முபிதா அவர்களுக்குச் சான்றிதழ் பெற்றவர்கள் எழுதியது

முலோங்கா மென்பொருள் நிறுவனத்தின் நிரல் பிரிவுத் தலைவராக விளங்கி இன்று பணி நிறைவு பெறும், அன்பிலும் அறிவிலும் ஆற்றலிலும் அளவு குறையாத அம்மையார் நசிலேலே முபிதா அவர்களுக்கு, லுசாகா அலுவலகப் பணியாளர்கள் எழுந்து நின்று, நம் ஊர் வழக்கப்படி கைகளைக் குவித்துத் தட்டி வணங்கி, வாசித்து வழங்கும் மடல்.

எங்கள் அம்மையார் நசிலேலே,

நேர்மையின் நிலையே, நிரல்களின் நெஞ்சறிந்தவரே, சான்றிதழ் ஒன்றும் இல்லாமலே எங்கள் எல்லோரையும் சான்றிதழ் வாங்க வைத்தவரே! இந்த மூன்றாவது பட்டத்தை எழுதியதுமே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. அது புகழா, குத்தலா என்று கேட்டார்கள். எங்களுக்கே தெரியவில்லை. அந்த வரியை அடித்துவிடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் பேசினோம். கடைசியில் உண்மை என்பதால் விட்டுவிட்டோம்.

கெய்ரோ சாலையில் ஒரே அறையில் இரண்டே கம்ப்யூட்டர்களோடு இந்த நிறுவனம் தொடங்கியபோது நீங்கள் வந்தீர்கள். குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவுக்கான நிரலை எழுதினீர்கள். எழுதியதோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டரை, குழந்தையைக் கட்டும் சித்தெங்கேத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் கிளினிக் கிளினிக்காகப் போனீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் குழந்தைக்குக் காய்ச்சலா என்று கேட்டதாகச் சொல்வீர்கள். இன்று பன்னிரண்டு கிளினிக்குகளில் அந்த நிரல் ஓடுகிறது.

பிறகு சான்றிதழ் வந்தது. கிளினிக் வேலைக்குப் பணம் தரும் உதவி நிறுவனம், தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்ற நிரலாளர்களின் பெயரைத்தான் வேலைக்கு ஏற்போம் என்று சொல்லிவிட்டது. நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். நீங்கள் கூட்ட அறையை வகுப்பறையாக்கினீர்கள். மாலையில் வேகவைத்த நிலக்கடலையை மேசை நடுவில் ஒரு தட்டில் கொட்டி, புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டீர்கள். பதில் தப்பினால் கடலைத் தட்டு எதிர்ப்பக்கம் நகரும். நீங்கள் ஏன் எழுதவில்லை என்று சிலுஃப்யா ஒருநாள் கேட்டார். உங்களுக்கு அடுத்து இங்கே மூத்தவர் அவர்தான். அவருக்குத்தான் கேட்கும் துணிவு இருந்தது. நானும் எழுதினால் கேள்வி கேட்க ஆள் வேண்டாமா என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினீர்கள்.

அந்த வகுப்பில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவர் லுயாண்டோ ஹமூங்கா. அந்த ஆண்டுதான் அவர் மனைவி இறந்தார். நாம் எல்லோரும் துக்க வீட்டில் உட்கார்ந்தோம். அவர் திரும்பி வந்தார், படித்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை என்று பின்னால் சொன்னார். முதல் முறை தேர்வில் தவறினார். இரண்டாம் முறை தேறினார்.

அதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் படித்தது யாரும் பெயர் கேட்டிராத ஒரு சிறு கல்லூரியில். உதவி நிறுவனத்தின் ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்தோடு தொலைபேசிக் கூட்டம் நடக்கும்போது அவர் பதில் சொல்வார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே கேள்வியை வேறொருவரிடம் கேட்பார்கள். சான்றிதழ் வந்த பிறகு அவரிடமே கேட்டார்கள். அவர் சொன்னது பழைய பதில்தான். எழுதிக்கொண்டார்கள். அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாங்களும் யோசித்தோம். யோசித்தபோதுதான் நாமயானி கிளினிக் நினைவுக்கு வந்தது.

அம்மையே, இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்று எங்களில் பாதிப்பேர் சொன்னார்கள். தாண்டினால் நீங்கள் இன்று ஏன் போகிறீர்கள் என்று இந்த அறையில் இருக்கும் விருந்தினர்களுக்குப் புரியாது.

உங்கள் நிரலில் ஒரு வினோதம் இருந்தது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் சில நாட்களில் அது நர்ஸிடம், இன்று என்ன தேதி என்று கேட்கும். நர்ஸுகளுக்கு அது எரிச்சல். லுயாண்டோ அந்த வரிகளைப் பார்த்தார். இயந்திரத்துக்குத் தெரிந்ததை மனிதரிடம் கேட்காதே என்று தேர்வுப் புத்தகம் சொல்கிறது. தேதி இயந்திரத்துக்குத் தெரியும். அது தேர்வில் வழக்கமான கேள்வி; முதல் முறை அதில் தவறி, இரண்டாம் முறை சரியாக எழுதியிருந்தார். அந்த வரிகளை எடுத்துவிட்டார். இங்கே ஓட்டிப் பார்த்தார். அழகாக ஓடியது. கிளினிக்குகளுக்கு அனுப்பினார். நர்ஸுகள் போன் செய்து நன்றி சொன்னார்கள்.

நம் அலுவலகத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, கம்ப்யூட்டர்கள் புதியவை. கிளினிக்குகளில் இருப்பவை பழையவை. உள்ளே இருக்கும் சிறு பேட்டரி செத்துப்போனவை. கரெண்ட் போய் வந்தால் அவற்றின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். கடைசியாகப் பதிந்த தேதியை விடக் கடிகாரம் பின்னால் இருந்தால், அதை நம்பாமல் நர்ஸிடம் கேள் என்பதுதான் நீங்கள் எழுதிய அந்த வரிகளின் பொருள். அது உங்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

கரெண்ட் போனது. இந்த ஊரில் அதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. மறுநாள் நாமயானியில் தடுப்பூசி நாள். தாய்மார்கள் குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு விடிந்ததும் வந்து வரிசையில் நின்றார்கள். திரை ஒவ்வொரு பெயரையும் தள்ளிவிட்டது. அந்த இயந்திரத்தின் கணக்கில் அவர்களில் ஒரு குழந்தையும் இன்னும் பிறக்கவில்லை. புதிதாக வந்த உதவியாளர் திரையில் இருந்ததை அப்படியே படித்துச் சொல்லிவிட்டார்.

"இன்னும் பொறக்கலையா?" என்று வரிசையில் முதலில் நின்ற பெண் கேட்டார். "அப்போ என் முதுகுல ஈரம் பண்ணிட்டு இருக்கிறது யாரு?"

வரிசை சிரித்தது. ஆனால் தூரத்திலிருந்து நடந்து வந்த சிலர், வெயில் ஏறியதும் திரும்பிப் போய்விட்டார்கள். மூத்த நர்ஸ் திரையை அணைத்துவிட்டு, மிச்சமிருந்தவர்களுக்கு ஊசி போட்டு அட்டையில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நமக்குப் போன் செய்தார். எடுத்தவர் வரவேற்பு மேசையில் இருக்கும் ம்வாகா. நர்ஸ் சொன்னதை இங்கே வாசிக்க வேண்டாம் என்று ம்வாகாவே கேட்டுக்கொண்டார். திரும்பிப் போனவர்களை லுயாண்டோ நர்ஸோடு வீடு வீடாகப் போய்த் தேடினார். எல்லோரும் கிடைத்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் உதவி நிறுவனத்திலிருந்து திரு. சிகாஸ்வே விசாரிக்க வந்தார். சான்றிதழ் பெற்றவர் தவறு செய்திருந்தால் அவர் பெயர் இந்த வேலையிலிருந்து அடிக்கப்படும். லுயாண்டோவுக்கு இது தவிர வேறு வேலை இந்த அலுவலகத்தில் கிடையாது. அது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த வரிகளை யார் எடுத்தது என்று திரு. சிகாஸ்வே கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் லுயாண்டோ.

"எடுத்தது இவன்தான்" என்றீர்கள் நீங்கள். "எடுக்கக் கூடாதுன்னு இவனுக்கு எப்படித் தெரியும்? ஏன் அப்படி எழுதினேன்னு நான் ஒரு வரி குறிப்பு வைக்கல. தப்பு என்னோடது."

"நான் கேட்டிருக்கலாம். மேடம் பக்கத்து மேசைலதான் இருந்தாங்க. பரீட்சையில அதுக்குப் பதில் படிச்சுட்டேன், அதனால கேட்கவே தோணல."

"அப்போ சர்டிபிகேட்தான் தப்புன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார் திரு. சிகாஸ்வே.

"இல்ல. காரணத்தை எழுதி வைன்னும் அதே புத்தகம்தான் சொல்லுது" என்றீர்கள். "இவங்களுக்கு நானே அதை வாசிச்சுக் காட்டியிருக்கேன். எனக்குத்தான் உறைக்கல."

திரு. சிகாஸ்வே பேனாவை மூடினார். "தப்புக்கு ஆள் கிடைக்காம பல தடவை திரும்பிப் போயிருக்கேன். ரெண்டு ஆள் கிடைச்சுத் திரும்பிப் போறது இதுதான் முதல் தடவை" என்றார்.

முடிவு வந்தது. லுயாண்டோ வேலையில் நீடிக்கலாம். உங்களுக்கு வரவிருந்த இரண்டு ஆண்டு பணி நீட்டிப்பு இல்லை. பிரிவுத் தலைவர் சான்றிதழ் பெறாதவர் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதனால்தான், அம்மையே, இரண்டு ஆண்டுகள் கழித்து வாசிக்க வேண்டியதை இன்று வாசிக்கிறோம்.

இப்போது எங்கள் குழப்பத்தைச் சொல்கிறோம். இந்த மடலில் உங்களை எதற்காகப் பாராட்டுவது? எங்களைச் சான்றிதழ் வாங்க வைத்ததற்கு என்று ம்வாகா சொன்னார். அது இல்லாவிட்டால் ஜோகன்னஸ்பர்க்காரர்கள் இன்றைக்கும் நம் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் வாதம். சிலுஃப்யா ஒப்பவில்லை. சான்றிதழ் வாங்கியவர்கள் கெடுத்ததைச் சான்றிதழ் இல்லாதவர் ஏற்றுக்கொண்டதற்குப் பாராட்டுங்கள் என்றார். அப்படியானால் உன் சான்றிதழைக் கழற்றிக் குப்பையில் போடு என்று ம்வாகா சொன்னார். முதலில் உன் வாயைக் கழற்று என்று சிலுஃப்யா சொன்னார். தட்டிலிருந்த ன்ஷிமாக் களி ஆறிப்போகும் வரை அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை.

உங்களிடமே கேட்டுவிடலாம் என்று இருவரும் வந்தார்கள். அன்று நீங்கள் சொன்னது உண்மையா, லுயாண்டோவைக் காப்பாற்றச் சொன்னதா என்று கேட்டார்கள்.

"உண்மைதான்" என்றீர்கள். "அவனைக் காப்பாத்தணும்னா இன்னும் நல்லா பொய் சொல்லியிருப்பேன்."

அதை நம்புவது என்று முடிவு செய்திருக்கிறோம். நம்பினால், தன் தவறைத் தன் தவறு என்று சொன்ன ஒருவரைப் பாராட்டுகிறோம். நம்பாவிட்டால் வேறு யாரையோ பாராட்டுகிறோம். அவரை எங்களுக்குத் தெரியாது.

லுயாண்டோவுக்கு எந்த முடிவும் எளிதாக இல்லை. சிலுஃப்யா தனக்கு வேண்டாம் என்றதும், உங்கள் நாற்காலிக்கு லுயாண்டோவின் பெயரை நீங்கள்தான் சொன்னீர்கள். அவர் மறுத்தார். "எங்கிட்ட பேப்பர் இருக்கு, அவங்ககிட்ட அனுபவம் இருக்கு. அவங்களை அனுப்பிட்டு என்னை உட்கார வெச்சா எது சரியாகும்?" என்று கேட்டார். மாத முடிவுக்குள் சான்றிதழ் பெற்ற ஒருவர் தலைவராகாவிட்டால், பன்னிரண்டு கிளினிக்குகளும் வேறு நிறுவனத்துக்குப் போய்விடும் என்று கடிதம் வந்தது. அப்போதும் அவர் அசையவில்லை. நீங்களும் வற்புறுத்தவில்லை. அது எங்களை இன்னும் குழப்பியது.

அவர் செய்தது ஒன்றுதான். எடுத்த வரிகளைத் திரும்ப வைத்தார். அவற்றின் மேல் காரணத்தை எழுதினார்: கரெண்ட், பேட்டரி, கடிகாரம், நாமயானி வரிசை. இதை எழுதியவர் நசிலேலே முபிதா என்று முடித்து, பார்வைக்கு உங்களிடம் அனுப்பினார். நீங்கள் திருத்தித் திருப்பி அனுப்பினீர்கள். உங்கள் பெயரை அடித்துவிட்டு, நர்ஸின் போன் எண்ணைப் போடச் சொல்லியிருந்தீர்கள். காரணம் புரியாதவர்கள் அவரைக் கூப்பிட்டால் அவர் நன்றாகப் புரிய வைப்பார் என்றும் எழுதியிருந்தீர்கள். லுயாண்டோ சிரித்தார். அவர் சிரித்து வெகு காலம் ஆகிவிட்டது என்று ம்வாகா சொன்னார்.

திருத்தத்தைச் செய்து முடித்துவிட்டு அவர் எழுந்தார். பிறகு சிலுஃப்யாவின் மேசைக்குப் போனார்.

"நான் உட்காரலன்னா வேற கம்பெனியில இருந்து ஒருத்தர் வருவாரு" என்றார். "அவரும் சர்டிபிகேட் வாங்கினவராத்தான் இருப்பாரு. அதே புத்தகம். இந்த வரிய முதல் நாளே எடுத்துடுவாரு."

"குறிப்பு எழுதியிருக்கியே" என்றார் சிலுஃப்யா.

"குறிப்பைப் படிக்கிற ஆளான்னு பார்க்கப் பரீட்சை கிடையாதே. நானே இருந்துடுறேன்."

இதைத் தெரிவிக்க அவர் உங்களிடம் வந்தபோது, நீங்கள் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தீர்கள். சரி என்று மட்டும் சொன்னீர்கள். தூரத்திலிருந்து பார்த்த எங்களுக்கு யாருக்கு யார் ஆறுதல் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

ஆகவே, அறிவின் அணிகலனே, சான்றிதழின் மதிப்பு என்ன என்று இந்த மடலில் எழுதி முடிக்க எங்களால் இயலவில்லை. அது கதவைத் திறக்கிறது. திறந்ததைக் கண்ணால் பார்த்தோம். உள்ளே போனவர் என்ன செய்வார் என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை; அதையும் பார்த்தோம். அடுத்த நிலைத் தேர்வுக்கு எங்களில் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். சிலுஃப்யாவும் கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால் கோபப்படுகிறார்.

உங்கள் ஊரான மோங்குவில் ஆற்றங்கரை வீட்டில், நோயின்றி, நொடியின்றி, மீனும் பாலும் குறையாமல், பேரக்குழந்தைகளின் கூச்சலில் உங்கள் பிற்பகல் தூக்கம் மட்டும் கெட, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். உங்கள் உழைப்பால் எங்கள் கைகளுக்கு வேலையும் எங்கள் பெயர்களுக்கு மரியாதையும் வந்தன. அதை மறக்க மாட்டோம்.

கடைசியாக ஒரு வாக்கு. கரெண்ட் போனாலும், கடிகாரம் பின்னால் ஓடினாலும், எந்தக் கிளினிக் அழைத்தாலும், ஓய்வில் இருக்கும் உங்களைப் போனில் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டு உறுதி சொல்கிறோம். லுயாண்டோ தலைவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இந்த வாக்கில் மட்டும் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

மாறாத மதிப்புடன்,
முலோங்கா மென்பொருள் நிறுவனப் பணியாளர்கள்,
லுசாகா