பதினோராம் விதியும் ஒன்பது சுற்றும்

மணி அடிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கட்டைவிரல் ஒன்று ஒழுங்காக இருந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்த முப்பத்தோரு வருடமும் இதைத்தான் சொன்னேன். ஓய்வு பெற்று கியர் சைக்கிள் வாங்கிய பிறகும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தலைவர் கமருன்னிஸா அம்மா அவர்களே, போன ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தின் சைக்கிள் ஓட்டத்தில் நடந்ததற்கு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து ஐம்பத்திரண்டு பேருக்கு உப்பும் சர்க்கரையும் கலக்கிக் கொடுத்தவர் நீங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நிதானமாகவே எழுதுகிறேன்.

நம் காவிரிக்கரைப் பாதை எல்லாருக்கும் பொது. மூங்கில் காட்டுக்குள் நடை போகிறவர்கள், ஆடு ஓட்டுகிறவர்கள், மேய்ச்சலுக்குப் போகும் வாத்துக் கூட்டம், நாம். இத்தனை பேரும் முட்டிக்கொள்ளாமல் போவதற்கு என் பத்து விதிகளே காரணம். முந்துவதற்கு முன் இரண்டு முறை மணி. நடப்பவருக்கு முதல் வழி. வாத்துக்கு மணி புரியாது, ஆகவே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஓட்டும்போது கைபேசி கூடாது. பாதையில் நிற்கும் நடுவரோடு வாதாடக் கூடாது, இது ஏழாவது.

பதினோராவது விதியை ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான் சேர்த்தேன். "கரையில் பயிர் காயப்போட்டிருந்தால் விலகிச் செல்லாமல் அதன் மேலேயே நிதானமாக ஓட்டிச் செல்க. அதுவே விவசாயிக்குச் செய்யும் மரியாதை." நீங்கள் படித்துவிட்டு, நல்ல விதி சார் என்று கையெழுத்துப் போட்டீர்கள். நல்ல விதிதான், இப்போதும் சொல்கிறேன்.

எனக்கு இரண்டு ஏக்கர் உளுந்து. சம்பா அறுத்த வயலில் விதைத்தது. வருடா வருடம் செடியைப் பிடுங்கிக் காயவைத்து மெயின் ரோட்டில் பரப்புவோம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி காய் உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும். இந்த வருடம் பாலம் வேலை என்று பஸ்ஸையெல்லாம் வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். மூன்று நாளில் எங்கள் ரோட்டில் போனது ஒரு ஐஸ் வண்டி. அதுவும் செடியைப் பார்த்ததும் பாவம் என்று ஒதுங்கிப் போய்விட்டது.

மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. என் மனைவி மங்களாம்பிகைக்குத் தூக்கமே இல்லை. "ஏங்க, ஒரு மழ புடிச்சா அம்புட்டும் மொளச்சிரும்ங்க. மூணு மாச பாடு. பேசாம அந்த டிராக்டர் அய்யாவு அண்ணன்கிட்ட ஒரு வார்த்த..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பேச்சை நான் வளரவிடவில்லை.

ஓட்டத்தை ஆறு மணியிலிருந்து பத்து மணிக்கு மாற்றினேன். காலைப் பனியில் சக்கரம் வழுக்கும் என்று உங்களிடம் சொன்னேன். வெயில் ஏறினால்தான் உளுந்தங்காய் வெடிக்கும் என்பதும் உண்மை. அதைச் சொல்லும் சந்தர்ப்பம் வரவில்லை.

கரையில் மதகுக்கும் அரசமரத்துக்கும் நடுவே முந்நூறு மீட்டர் தார் போட்டிருக்கிறது. விடிகாலையில் செடியை அங்கே பரப்பினோம். மதகடியில் நேரே போகச் சொல்லும் அம்புப் பலகை ஒன்று இருந்தது. அதை மூங்கில் காட்டுப் பக்கம் திருப்பிவைத்தேன். அந்த வழியாகப் போனால் சுற்றிக்கொண்டு மறுபடி அரசமரத்துக்கே வந்து செடியின் மேல் ஏறலாம். பிறகு விசிலோடு மதகில் நின்றுகொண்டேன். எல்லாருடைய கைபேசியும் விதிப்படி என் பையில் இருந்தது.

அவர்களுடைய ஒழுக்கத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒருவர்கூடச் செடியை விட்டு விலகவில்லை. இரண்டாவது சுற்றிலேயே முன்னால் போனவர் பின்னால் வந்தவரைப் பிடித்துவிட்டதால் யார் முதல், யார் கடைசி என்று யாருக்கும் தெரியவில்லை. மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. "நீங்க போங்க", "பரவால்ல, நீங்க முன்னாடி போங்க" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டார்கள்.

நான்காவது சுற்றில் செல்போன் கடை ராம்கி என் அருகே வேகத்தைக் குறைத்தார். "சார், இந்த அரசமரத்த முன்னயே பாத்த மாதிரி இருக்குங்க."

"கரை நெடுக அரசமரம்தாங்க. போங்க."

ஆறாவது சுற்றில் மறுபடி வந்தார். மங்களாம்பிகை கவைக்கம்பால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்ததைக் காட்டினார். "சார், அந்தம்மாவும் அதே அம்மாதாங்க."

"ஏழாம் விதி" என்றேன். மன்னிப்புக் கேட்டு, மணியடித்துவிட்டுப் போனார். தங்கமான மனிதர்.

இதைக் கொடுமை என்கிறார்கள். ஒரு பஸ்ஸுக்கு ஆறு சக்கரம். ஐம்பத்திரண்டு சைக்கிளுக்கு நூற்றி நான்கு. பஸ்ஸை யாரும் கொடுமைப்படுத்தியதாகச் சொல்வதில்லை.

ஒன்பதாவது சுற்றில் ராம்கி இறங்கிவிட்டார். சங்கிலியில் சிக்கியிருந்த காயை எடுத்துப் பிதுக்கிப் பார்த்தார். "சார், உள்ள ஒண்ணுமே இல்லீங்க. உளுந்தெல்லாம் ரோட்ல கெடக்கு." ஒவ்வொருவராக வண்டியை நிறுத்தினார்கள். கீழே பார்த்தார்கள், மங்களாம்பிகையைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

அப்போது முதல் தூறல் விழுந்தது. அள்ளக்கூட நேரமில்லை, எல்லாம் போகப்போகிறது என்று மங்களாம்பிகை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் கையில் விசிலோடு நின்றேன். விசிலால் ஆகக்கூடியது அங்கே ஒன்றுமில்லை.

பின்னாலிருந்து ஹார்ன் சத்தம். இரண்டு முறை, விதிப்படி. அய்யாவு டிராக்டரில் தார்ப்பாயோடு வந்துகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. "தங்கச்சி, அழுவாத. அந்த முனையப் புடி" என்று குதித்தார். பிறகு உங்களுக்கே தெரியும், நீங்களும்தான் வந்துவிட்டீர்களே. ராம்கி முதற்கொண்டு அத்தனை பேரும் மண்டியிட்டு, கையாலேயே உளுந்தைக் கூட்டித் தார்ப்பாய்க்குள் தள்ளினார்கள். ஒன்பது சுற்று சுற்றவைத்தவனுடைய உளுந்தை. ஒரு கைப்பிடிகூட நனையவில்லை.

மழையில் நின்றபடி மங்களாம்பிகை கேட்டாள். "வெள்ளிக்கெழமையே டிராக்டர உட்டு ஓட்டித்தாரேன்னு அய்யாவு அண்ணன் ஆள் அனுப்புனாராமே. அர மணி நேர வேல. ஏங்க வேணாம்னீங்க?"

தார்ப்பாயைக் கட்டுவதாக அவளிடமிருந்து நகர்ந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன். போன தை மாதம் இதே கரையில் நான் நடந்துபோனபோது, அய்யாவு மொபெட்டில் ஹார்ன் அடிக்காமல் என்னை முந்திப் போனார். நான் திடுக்கிட்டு நாணல் புதருக்குள் விழுந்தேன். அன்றைக்கு மாலைதான் முதல் விதியை எழுதினேன். அதிலிருந்து அவரோடு பேச்சில்லை.

ஆகவே, அம்புப் பலகையைத் திருப்பியது நான்தான். உளுந்துக்காக அல்ல, அது டிராக்டரிலேயே முடிந்திருக்கும். கொள்கைக்காக. செயலாளர் பதவியிலிருந்து என்னை நீக்குவதானால் தாராளமாக நீக்குங்கள், எனக்கு யார்மேலும் வருத்தமில்லை. அய்யாவு மேலும் இல்லை. இரண்டு முறை ஹார்ன் அடித்ததை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவர் டிராக்டரில் பாதையின் வலது பக்கமாக வந்தார். அதற்கான நோட்டீஸை இத்துடன் இணைத்திருக்கிறேன்.