கரைக்கு இறங்கிய நாற்பது பேர்

இந்தத் திறப்பு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், என்னைப் பெற்ற தாயாகிய லோகநாயகி அவர்களே! (வீட்டில் "அம்மா", மேடையில் "அவர்களே". சிரிக்காதீர்கள், எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.) முன்வரிசையில் வீற்றிருக்கும் ஊர்த் தலைவர், நம் நாட்டார் எல்லப்பன் மாமா அவர்களே! செவிலியர் ஜெபசெல்வி அக்கா அவர்களே! உப்புக்காற்றில் உழைத்து உரமேறிய தாய்மார்களே! சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்திருக்கும் சொந்தங்களே! வணக்கம்.

பொன்னேரிக் கல்லூரியில் வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொல்லவே எனக்குக் குரல் எழும்பாது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்பதால் மேடையேற்றிவிட்டீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் குரல் என்றால் அது அம்மாவின் குரல். பதினெட்டு ஆண்டுகள் இந்த உப்பேரிக் கரையில் மீன் ஏலம் கூவிய குரல். அந்தக் குரல் ஏன் ஏழு மாதம் அடங்கிக் கிடந்தது?

போன ஆண்டு அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. திடீரென்று உடம்பு கொதிக்கும், வேர்வை கொட்டும். மீனுக்கு வைத்த ஐஸை அள்ளிக் கழுத்தில் வைத்துக்கொள்வார். "இன்னா லோகா, நீயும் பொட்டிக்குள்ள படுத்துக்கிறியா? நல்ல வெலைக்குப் போவே!" என்பார் ராஜம்மா சித்தி. (உங்களைத்தான் சித்தி, ஒளியாதீர்கள்!) கோபம் வரும். காரணமே இல்லாமல் அழுகை வரும்.

நம் கரையின் வழக்கத்தை வெளியூர் விருந்தினருக்காகச் சொல்கிறேன். தூரமான பெண், அதாவது மாதவிலக்கில் இருக்கிற பெண், மீன் இறங்கும் கரையை மிதிக்கக் கூடாது. நான்கு மாதம் நின்றிருந்த உதிரம், ஒருநாள் ஏலத்தின் நடுவே அம்மாவுக்குப் பெருகிவிட்டது. அன்றைக்கே எல்லப்பன் மாமாவின் வலை, ஏரியடியில் கிடந்த கட்டையில் மாட்டிக் கிழிந்தது. கிழித்தது யார்? கட்டையா, என் அம்மாவா?

"எப்ப வரும்னு உனக்கே தெரியாதுன்னா, முழுசா நிக்கிற வரைக்கும் வூட்லயே இரு" என்றார் மாமா. மூன்று நாள் விலக்கு ஏழு மாத விலக்கானது. ஊரையே கூவி அழைத்தவர் கதவைச் சாத்திக்கொண்டார். "எனக்குப் பைத்தியம் புடிக்குதா, திவ்யா?" என்று என்னிடம் கேட்டார்.

ஏழாவது மாதம் ஜெபசெல்வி அக்காவைக் கூட்டி வந்தேன். "இது நோவும் இல்ல, பேயும் இல்ல. மாதவிடாய் நிக்கிற வயசு. கொஞ்ச வருஷம் இப்படித்தான் ஆட்டம் காட்டும். ரத்தம் ரொம்பப் போனாலோ, நின்னு ஒரு வருஷம் கழிச்சித் திரும்ப வந்தாலோ வெக்கப்படாம டாக்டர்கிட்ட வந்துடணும்" என்றார் அக்கா.

வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ராஜம்மா சித்தியின் கை நின்றது. "எனக்கும் அப்படித்தான்டி இருக்குது. சொன்னா என்னையும் வூட்லயே குந்த வெச்சிடுவாங்கன்னு வாயத் தொறக்கல."

ஒருவர் வாய் திறந்தார். பக்கத்து வாசல் திறந்தது. அடுத்த தெரு திறந்தது. மறுநாள் காலை, அம்மாவை நடுவில் நிறுத்தி நாற்பது பெண்கள் கரைக்கு இறங்கினோம்!

மாமா மறித்தார். "உங்கள்ல யாரு தூரம்?"

"நீயே கண்டுபுடிச்சிக்கோண்ணா!" என்றார் சித்தி. "முடியலன்னா நாப்பது பேரையும் அனுப்பிடு. மீனை நீயே ஆய்ஞ்சி, நீயே பொன்னேரி மார்க்கெட்ல குந்தி வித்துக்கோ!"

படகுகள் வந்து நிற்கின்றன. மீன் காத்திருக்குமா? வெயில் காத்திருக்குமா? மாமா தலையைச் சொறிந்தார், வழிவிட்டார். (இப்போது முதல் ஆளாகக் கைதட்டுகிறாரே, பாருங்கள்!)

அம்மா கூவினார். முதல் குரல் கம்மியது. இரண்டாம் குரல் கரையைத் தொட்டது. மூன்றாம் குரல் ஏரியைத் தாண்டியது! அன்று மீன் அள்ளிக் கொட்டியதா? இல்லை. அற்றுப் போனதா? அதுவும் இல்லை. என்றைக்கும் போலத்தான் விழுந்தது. தாய்மார்களே, அந்த "என்றைக்கும் போல" தான் நம் வெற்றி! அன்று முதல் மாமா கேட்ட கேள்வியை இந்தக் கரையில் எவரும் கேட்கவில்லை.

இன்று அதே கரையில் பெண்களுக்கென்று ஓர் அறை எழுந்திருக்கிறது. தண்ணீர் உண்டு, கழிவறை உண்டு, மின்விசிறி உண்டு. கொதிப்பவர் குளிரலாம். அழ நினைப்பவர் அழலாம். பிறகு எங்கே திரும்புவோம்? வீட்டுக்கா? இல்லை, கரைக்கு!

என் கூச்சத்தைப் பொறுத்து, பேச்சைக் கேட்ட அத்தனை உள்ளங்களுக்கும் நன்றி. வணக்கம். சாவி இதோ என் கையில். மேடை மரியாதையை மறந்து கூப்பிடுகிறேன், மன்னியுங்கள். ஏழு மாதம் சாத்திய கதவு போதும். வா, வந்து இந்தக் கதவைத் திற, அம்மா!