கிளாட்வின் சொன்னதும் நான் எழுதியதும்

எங்கள் வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சித்தூரில் இது அதிசயமில்லை, சார். நான் படித்த மிஷன் பள்ளியில் தமிழ்ப் பிரிவு இருந்தது. தம்பி கிளாட்வின் சேர்வதற்குள் அதை மூடிவிட்டார்கள். அவன் பேசுவது தமிழ், படித்தது தெலுங்கு. சர்ச்சில் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அப்படியே பிடித்துக்கொண்டு பாடுவான்.

ஆனால் கதை சொல்ல அவனைப் போல் ஆள் கிடையாது. மலைக்கோட்டை ராஜ்யம், சாம்பல் பறவைப் படை, பட்டத்துக்குக் காத்திருக்கும் ஓர் அக்காவும் தம்பியும் என்று சொல்லிக்கொண்டே போவான். நான் எழுதுவேன். ஒவ்வொரு பாகத்தையும் சந்திரகிரிக் கோட்டைக்குப் போய்த்தான் தொடங்குவோம். அங்கே உட்கார்ந்தால்தான் அவன் வாய் திறக்கும். புத்தகத்தில் அவன் பெயர் மட்டும் போதும் என்றவள் நான்தான். பெரிய மனசு என்று நினைப்பு.

முதல் இரண்டு பாகங்களும் படமாகி விருதுகளை அள்ளின. சென்னையிலிருந்து வந்தவர்கள் கதையைவிட மொழிநடையைப் புகழ்ந்தார்கள். அது நான் வேதாகமம் வாசித்து வாசித்து வந்த நடை. அவன் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான், நான் காபி கொடுத்தேன். வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

மூன்றாம் பாகத்தில் தம்பிக்குத்தான் பட்டம் என்று சொன்னான். நான் சின்னதாக ஒரு மாற்றம் செய்தேன். அக்கா அவனைக் கோட்டைச் சுவரிலிருந்து தள்ளிவிட்டு ராணியாகிறாள். கிளாட்வினிடம் வாசித்துக் காட்டும்போது, அவன் சொன்னபடியே வாசித்தேன். தேடி வந்த வாசகர்களை, தம்பிக்குக் கூச்சம் என்று வாசலோடு அனுப்பிவிட்டேன்.

படம் வந்தது. திருப்பதியில் தெலுங்கு டப்பிங்கில் பார்த்தோம். அந்தக் காட்சிக்குத் தியேட்டரே விசிலடித்தது. அவன் மட்டும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் இப்டி சொல்லவே இல்லியேக்கா,” என்றான் ஆட்டோவில்.

“சினிமாக்காரன் மாத்தியிருப்பான்.”

“புக்குலயும் இப்டித்தான் கீதாம். பின்சீட்டுல பேசிக்கினு இருந்தாங்க.”

அன்றிலிருந்து நான் போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்துவிடுவான். அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டான். பயந்தது அவன்தான் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அதைவிடப் பயம். பக்கத்து வீட்டுப் பிரமிளா அவனுக்குப் போனில் ஒன்று காட்டிக் கொடுத்திருந்தாள். வாயால் சொன்னால் போனே தமிழில் எழுதிக்கொள்ளுமாம். அப்புறம் நான் எதற்கு, சார்? காபி கொடுக்கவா?

கடைசிப் பாகம் தொடங்கக் கோட்டைக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். வழக்கத்தைக் கைவிட மனமில்லாமல் வந்தான். சுவரை விட்டு விலகி, பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“இந்த பாகத்த நானே இதுல சொல்லிக்கிறேன்க்கா. நீ சும்மா கேட்டுக்கினு இரு.”

“சரிப்பா. இங்க வா, காத்து நல்லா வருது.”

வந்தான். அக்கா கூப்பிட்டு வராமல் இருந்ததில்லை. முதுகில் கை வைத்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத் தள்ளினேன். யாரும் தூண்டவில்லை. நானேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கதைகள் என்னுடையவை, சார். அவன் வெறும் வாய். இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். நேற்று உங்கள் ஏட்டம்மா கொடுத்த தாள்களை வைத்துக்கொண்டு கடைசிப் பாகம் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் முதல் வரி வரவில்லை.

கீழே அவனைத் தூக்கியவர்களை விசாரித்தீர்களா? கொஞ்ச நேரம் உயிர் இருந்தது என்கிறார்களே. கடைசியில் ராணி என்ன ஆகிறாள் என்று ஏதாவது சொன்னானா?