எட்டு முகக் கல்லுக்கு என்ன பேரு

ஹலோ... ஆமா, இத்தாலி, வுல்கானோ தீவுதான், நுன்ஸியா வீடுதான்... ஓ, புரொபசரா. ஏ அப்பா, மழை கொட்டப் போவுது இன்னைக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ ஆகஸ்ட்ல வந்து எங்க வீட்டுச் சாப்பாட்டச் சாப்பிட்டுப் போற மனுஷன், மார்ச்லயே கூப்பிடுறீரே...

ம்... ம்... சொல்லுங்க... என்னது, கரைஞ்சு போச்சா? எப்படிக் கரையும்? ... ஓ, துணைவேந்தருக்கு விருந்துல காட்டுறேன்னு ஜாடியத் திறந்தீங்க... மூடுபனி ஊர்ல... மூட மறந்துட்டீங்க. சரிதான். காலையில பாத்தா கல்லு இருந்த இடத்துல ஒரு சொட்டுத் தண்ணி. ஐயா, ஈரக்காத்து பட்டாலே அது கரைஞ்சிரும்னு என் சாப்பாட்டு மேசையில வச்சுப் பாடம் நடத்துனவரு நீங்கதானே?

ஆமா, ஆமா, எனக்கு ஞாபகம் இருக்கு. எரிமலை வாயிலேர்ந்து ஃபுளோரின் ஆவி வரும், வர்ற வழியில பாறையில உள்ள பொட்டாசியத்தச் சேத்துக்கும், வெளிய வந்து சூடு கொறையும்போது பொந்து ஓரமா எட்டு முகத்தோட பொடிப்பொடியாப் படியும். அடுத்த மழைக்கு ஒண்ணும் இருக்காது. பதினெட்டு வருஷமாக் கேக்குறேன், சுவத்துப் பல்லி கூட ஒப்பிக்கும்.

...அந்தப் பொந்தா? அது போன வருஷமே அடைஞ்சு போச்சு. புகையே இல்ல... இல்லங்க, வேற எங்கயும் கெடைக்காது... ஆமா, எங்கிட்ட ஒண்ணு இருக்கு. கேப்பர்ப் பூமொட்டு ஊறுகாய் போடுற காலி ஜாடியில, ஈரம் படாம அரிசிக்குள்ள புதைச்சு வச்சிருக்கேன்... அழாதீங்க, புரொபசர், நல்லாத்தான் இருக்கு. உலகத்துலயே ஒண்ணுதானா? ம். அது மியூசியத்துக்குப் போனாத்தான் உங்க கமிட்டி இதப் புதுக் கல்லுன்னு ஒத்துக்குமா... புரியுது.

தர்றதப் பத்தி அப்பறம் பேசலாம். மொதல்ல இதச் சொல்லுங்க, கல்லுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க? ... கண்டுபிடிச்சவரு தன் பேரையே வச்சுக்கக் கூடாதுன்னு சட்டமா? அடப் பாவமே, அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்... அதனால? ... துணைவேந்தர் பேரா! அவரு எந்தப் பொந்துல குனிஞ்சாரு? நாற்காலியிலேர்ந்து எந்திரிக்கவே ரெண்டு பேரு வேணும் அவருக்கு.

இல்ல, இல்ல, கேளுங்க. முந்நூறு டிகிரி ஆவியில நீளக் கரண்டிய விட்டுச் சுரண்டினது என் தம்பி. நீங்க காத்து வர்ற பக்கமா நாப்பது அடி தள்ளி நின்னு குறிப்பு எழுதுனீங்க. அவன் மூக்குக்கண்ணாடி அந்த ஆவி தின்னு தின்னு பால் மாதிரி ஆயிருச்சு, தொடைச்சாலும் போகல. குரல் போயி நாலு வருஷம் ஆச்சு. இப்பக்கூட எதுத்தாப்புல உக்காந்து ஸ்பீக்கர்ல நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டுதான் இருக்கான், பதில் சொல்லத்தான் தொண்டை இல்ல. டேய், சும்மா இருடா, நான் பேசிக்கிறேன்.

...ம்... நெசமாவா? ... துணைவேந்தர் பேர அடிச்சிட்டு என் தம்பி பேர வைக்கிறீங்களா? எழுத்துல? ... சரி. எனக்கு வயிறு குளுந்துருச்சு, புரொபசர். நாளைக்கு மொதல் படகுல ஜாடி வரும். எழுதுறீங்களா? எழுதுங்க.

...இல்ல, நான் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லுங்க. என் தம்பி பேரு என்ன? ...

ஹலோ? ... லைன் நல்லாத்தான் இருக்கு, நீங்க குறிப்பு நோட்டப் புரட்டுறது கூடக் கேக்குது. பதினெட்டு கோடைக்காலம், புரொபசர். ஒரே மேசை, ஒரே ரொட்டி. "நண்பரே, இன்னும் கொஞ்சம் உள்ள கரண்டிய விடுங்க"ன்னே ஓட்டிட்டீங்களா?

பார்த்தோலோவா? ... நல்ல ஊகம். எங்க புனிதர் பேரு, இங்க படகு ஏறுற ரெண்டு பேர்ல ஒருத்தன் பார்த்தோலோதான். இவன் இல்ல.

...டேய், எங்க எந்திரிச்சுப் போற? ... ஒண்ணுமில்ல, புரொபசர், அவன் அலமாரியத் திறக்குறான்... ஆமா, அந்த ஜாடிதான்... நான் எதுக்குத் தடுக்கணும்? அவன் எடுத்த கல்லு, அவன் இஷ்டம்... கத்தாதீங்க, அவனுக்குக் காது நல்லாவே கேக்கும்... அரிசியக் கொட்டிட்டான். கையில வச்சிருக்கான். குழாய்ப் பக்கம் போறான்...

என்ன, ஞாபகம் வந்துருச்சா? சீக்கிரம் சொல்லுங்க... துர்கோவா?

...அது எங்க நாய் பேரு, புரொபசர்.

ம். தண்ணிச் சத்தந்தான் அது, குழாயத் திறந்துட்டான். வச்சிடறேன், அடுப்புல பாஸ்தா குழையுது.