கருத்தப்பாண்டி என்று யாரும் இல்லை

மோடம் எழுப்பும் சத்தத்தை வைத்தே இணைப்பு கிடைக்குமா கிடைக்காதா என்று என்னால் சொல்லிவிட முடியும். முதலில் எண்களைச் சுழற்றும் ஒலி, பிறகு நீண்ட கீச்சல், அதன்பின் சல்லடையில் மணலைக் கொட்டியதுபோல் ஓர் இரைச்சல். அது சட்டென்று அடங்கினால் மதுரை நம்மை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். ராஜபாளையத்தில் எங்கள் நூற்பாலைக்கு அந்த இணைப்பு 1997 தை மாதம் வந்தது. அமைத்தவன் நான். கணினிப் பிரிவில் நானும் பால்ச்சாமியும் இரண்டே பேர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை என்னை அழைத்துவந்து பால்ச்சாமியின் சாவைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கடிதம் எப்படி வந்து சேர்கிறது என்று தெரியாவிட்டால் அது உங்களுக்குப் புரியாது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மின்னஞ்சல் நேராக நம் மேசைக்கு வராது. மதுரையில் ஒரு பெட்டியில் கிடக்கும். காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நான் மோடம் வழியாக மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு அதை இறக்குவேன். ஆலை முழுவதற்கும் ஒரே முகவரி. யாருக்கு வந்தது என்று பார்த்து, அச்சடித்து, மடித்து, அவரவர் மேசையில் வைப்பேன். கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான்.

அந்த ஆவணியில் பெங்களூரிலுள்ள ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கு ஆலை முகவரியிலிருந்தே என் விண்ணப்பத்தை அனுப்பினேன். மறுநாள் மேலாளர் காமராஜ் கூப்பிட்டார். அவர் கையில் என் விண்ணப்பம் தாளில் இருந்தது. அலுவலகமே கேட்க அதை வாசித்தார். உலகத் தரமான நிறுவனத்தில் பணியாற்ற விரும்புகிறேன் என்ற வரி வந்ததும் நிறுத்தி, "வைகுண்டராஜு, உலகம் செட்டியார்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்குய்யா, பஸ் மாறிப் போகணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பால்ச்சாமியும் சிரித்தான். நான் அனுப்பியபோது அறையில் இருந்தவன் அவன் ஒருவன்தான். ஆகவே காட்டிக்கொடுத்தது யார் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. ஆலை முகவரியில் சொந்தக் கடிதம் அனுப்பவும் கூடாது, பெறவும் கூடாது. ஊழியர் பதிவேட்டில் இல்லாத பெயரைக் கேட்டு வந்தால், அப்படி யாரும் இல்லை என்று பதில் போட வேண்டும். அதை நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு. பத்து நாள் கழித்து எனக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. மேலாளர் பக்கத்தில் நிற்க, அதை நானே அழித்தேன்.

பால்ச்சாமியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் மத்தியானச் சாப்பாட்டை அவனோடு பகிர்ந்து உண்டேன். அவன் அம்மா வெள்ளத்தாய் சேத்தூரிலிருந்து கொடுத்துவிடும் புளிக்குழம்பு நன்றாக இருக்கும்.

1999-இல் அவனும் அதே நிறுவனத்தின் படிவத்தைக் கொண்டுவந்தான்.

"அண்ணாச்சி, லாஸ்ட் நேம்னு ஒரு கட்டம் இருக்கு. நமக்கு ஏது? இனிசியல்தான இருக்கு?"

"அப்பா பேரைப் போடுலே."

"கருத்தப்பாண்டின்னா? செத்துப்போன எங்க அய்யாவுக்குல்லா வேலை கிடைக்கும்" என்று சிரித்தான். ஆனால் எழுதினான்.

இந்த இடம்தான் சுவாரசியமானது. நம்மிடம் அப்பா பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கும், ஆள் முழுதாக இருப்பான். அவர்களுடைய கணினியில் அப்பா முழுதாக நிற்பார், ஆள் ஓர் எழுத்தாகிவிடுவான். நம் ஊரில் கே. பால்ச்சாமி, அங்கே பி. கருத்தப்பாண்டி. எனக்கு இது முன்பே தெரியும். நான் அழித்த அழைப்பும் என் அப்பா பெயருக்குத்தான் வந்திருந்தது.

தேர்விலும் நேர்முகத்திலும் அவன் தேறிவிட்டான். ஆலையில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு உத்தரவு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, கடைசி மாதத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். தினமும் மாலை நாலு மணிக்கு என் பக்கம் திரும்பி, "ஏதும் வந்துச்சா அண்ணாச்சி?" என்பான்.

ஒரு வியாழக்கிழமை வந்தது. பி. கருத்தப்பாண்டி என்பவர் உங்கள் கணினிப் பிரிவில் மூன்று வருஷமாகப் பணிபுரிகிறாரா என்று கேட்டிருந்தார்கள். பதிவேட்டைத் திறந்து ஒருமுறை சரிபார்த்தேன். கருத்தப்பாண்டி என்று எங்கள் ஆலையில் யாரும் இல்லை, இருந்ததும் இல்லை என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். "லைன் சரியில்லலே" என்றேன்.

நாலாம் நாள் பி. கருத்தப்பாண்டிக்கே கடிதம் வந்தது. அனுபவம் பொய்யென்று தெரியவந்ததால் தங்கள் கிளை எதிலும் இனி அவனை எடுக்கமாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அது சொந்தக் கடிதம், கொடுக்கக் கூடாது. அந்த ஒரு முறைதான் விதியை மீறினேன். அச்சடித்து, மடித்து, அவன் மேசையில் வைத்தேன்.

இரண்டு தடவை வாசித்தான். "அண்ணாச்சி, நான் இங்கதான் இருக்கேன்னு நீங்க ஒரு வரி எழுதினாப் போதும்" என்றான். சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். அப்போதும் அவனுக்குப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மேலாளரிடம் போய் நின்றான். பொய்ச் சான்று கொடுத்தவனைத் திரும்பச் சேர்க்க முடியாது என்றுவிட்டார் அவர்.

மூன்றாம் நாள் சேத்தூர்க் கண்மாய்க் கரையில் அவன் சைக்கிள் நின்றது. பூட்டியிருந்தது. ஒழுங்கான பையன்.

துக்கத்துக்குப் போனேன். வெள்ளத்தாய் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "எம்மவன் பொய் சொன்னாம்னு அவிய எழுதியிருக்காவளாம். நெசமாய்யா?" என்று கேட்டாள். கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

நான் அனுப்பிய பதிலை அன்றே அழித்துவிட்டேன். அது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டதற்கு, மேலாளரின் கணினியில் நகல் இருந்தது என்றீர்கள். சரிதான். ஆலையிலிருந்து எந்தக் கடிதம் போனாலும் அதன் நகல் ஒன்று அவர் கணினியில் தானாக விழும். மோடம் வந்த அன்றைக்கு, 97 தையில், நானே செய்த ஏற்பாடு அது. ஒருநாளும் பிசகியதில்லை.

அந்த ஆவணியிலும் அது வேலை செய்துகொண்டுதான் இருந்ததா என்று கேட்கிறீர்கள். ஆமாம். ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுத்தவன் பால்ச்சாமிதான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.