சஹனுக்கு ஆறு பேர்

— பைறோஸா அன்ரி, நேற்று கம்பியூட்டர் டேபிளில முந்நூற்றிப் பன்னிரண்டு விருந்தாளி. இண்டைக்கு இருநூற்றி அறுபத்தொன்பது. ஞாயிறு கலியாணம். மிச்ச ஆக்கள் எங்க?

— எனக்கெப்படித் தெரியும் பிரசாந்? கம்பியூட்டர் படிச்சது நீங்க. நான் ஒண்ணும் செய்யல்ல.

— ஒண்டுமே?

— அந்தச் சின்ன லிஸ்ட்ட மட்டும் அழிச்ச. பெரிசில கையே வைக்கல்ல, அல்லாஹ் அறிய.

— பெரிய டேபிளில இருந்து கோபக்காரரை மட்டும் காட்ட நான் செய்து தந்த வியூவோ?

— அதுதான். ஆரு ஆரோட கதைக்கிறல்ல எண்ட லிஸ்ட். பின்னேரம் மாப்பிள்ளை வீட்டாக்கள் வாராங்க, லெப்டொப் மேசையில தொறந்து ஈக்கி. எங்கட குடும்பத்துட மானம் முழுக்க அதுல! வாசிக்கவும் இல்ல, ஒரேயடியா டிலீட் பண்ணின.

— காரணமும் எழுதோணும் எண்டு நிண்டது நீங்கள்தானே. "ஜவாத், இப்திகாரோட கதைக்கிறேல்லை. காரணம்: சஹனில இருந்த கோழியைத் தன்ட பக்கம் திருப்பினது." பன்னிரண்டு வருசமா!

— பொரிச்ச முழுக்கோழி, மகன்! ஆறு பேர் சுத்தி இருந்து ஒரே பெரிய சஹன் தட்டில கை போட்டுத் தின்னக்க, ஒருத்தன் அப்படித் திருப்பலாமா? திரும்ப அவங்க ரெண்டு பேரையும் ஒரே சஹனில இருத்தினா கல்யாணம் நாறிப்போகும். அதுக்குத்தானே ஒங்கள்ட்ட இதச் செய்யச் சொன்ன.

— திங்கட்கிழமை என்ன சொன்னனான்? டேபிள் வீடு. வியூ அந்த வீட்டு ஜன்னல்.

— ஓ, சொன்ன.

— ஜன்னலுக்குள்ளால கையை விட்டு ஆளை வெளியில இழுத்தா, ஆள் வீட்டுக்குள்ள இருக்குமோ?

— நான் நெனச்ச, அது போட்டோக் கொப்பி மாதிரி எண்டு.

— கொப்பியில்லை. நாற்பத்திமூண்டு பேரை வீட்டை விட்டே எறிஞ்சிட்டீங்கள். மட்டக்குளிச் சமையல்காரருக்குக் கணக்கும் போயிட்டுது. ஏழு சஹன் குறைவு.

— யா அல்லாஹ்! ... கொஞ்சம் இருங்க. அப்ப இப்ப ஈக்கிற ஆக்கள் எல்லாம் சண்டையில்லாத ஆக்களா?

— டேபிளின்ர படி, ஓம்.

— அப்படியே விட்டா எனத்த மகன்? நிம்மதியா ஈக்குமே.

— நீங்களும் அழிஞ்சிட்டீங்கள் அன்ரி. "பைறோஸா, மதினி ஸமீமாவோட கதைக்கிறேல்லை." காரணம் மட்டும் நாலு வரி.

— சரி சரி, எல்லாரையும் திருப்பிப் போடுங்க. மெதுவாக் கதைங்க, மகள் நிம்றா படுத்தீக்கிறா. மூணு நாளாத் தலையிடியாம், ரூமை விட்டு வாரல்ல. கல்யாணப் பொண்ணுக அப்படித்தான். எனக்கும் இந்த லிஸ்ட்டோட மாரடிக்கவே நேரம் சரி.

— நேற்றைய பேக்கப் இருக்கு, பயப்படாதேங்கோ. ... ம். நாங்கள் ரெண்டு பேரும் எழுதினது நாற்பத்திரண்டு கோபம்.

— நாற்பத்திமூணு எண்டீங்களே?

— ஒண்டு நேற்றுத்தான் சேர்ந்திருக்கு. பாஸ்வேர்ட் ஆரிட்ட இருக்கு?

— எனக்கிட்ட. நிம்றாக்கிட்ட. வேற ஒருத்தருக்கிட்டயும் இல்ல. ஆரு அந்தப் புதுக் கோபக்காரன்? கொட்டாஞ்சேனை ஆக்களா?

— அன்ரி, நீங்களே வாசிச்சா நல்லது.

— கண்ணாடி எடுக்கல்ல. வாசிங்க மகன், இனி எனக்கு எனத்த புதுசா வெக்கம்?

— "பேர்: நிம்றா. கதைக்காத ஆள்: மாப்பிள்ளை. காரணம்: உம்மா கேட்டா சொல்றன்."