பதினாறு அங்குலம்

தினமும் ஓட்டுவதற்கு இவ்வளவு பெரிய வண்டி தேவையா என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் பொறுமையாகத்தான் பதில் சொல்லிவந்திருக்கிறேன். நீங்களும் முதல் நாள் அதையேதான் கேட்டீர்கள். இப்போது வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது என் தொழில். சர்வேயர் என்பார்கள். இருபத்தாறு வருடமாக நசுங்கிய வண்டிகளைச் சுற்றிவந்து, டேப் பிடித்து அளந்து, நாலு மூலையிலிருந்தும் படமெடுத்திருக்கிறேன். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே நான்கு அங்குலம் மட்டும் மிச்சமிருந்த ஒரு சின்னக் காரை அளந்தது ஞாபகமிருக்கிறது. இடித்த பெரிய வண்டிக்காரர் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் சட்டை கசங்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், வாங்கினால் அந்த மாதிரி வண்டிதான் என்று.

வாங்கினேன். சொகுசு எஸ்.யூ.வி. உள்ளே வெண்ணெய் நிறத் தோல் இருக்கைகள். என் ஆபீஸ் மூன்று கிலோமீட்டர். நடுவில் ஏழு சிக்னல். நாலு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் பொத்தானை இந்தப் பதினொரு மாதத்தில் ஒருமுறைகூட அழுத்தியதில்லை. ஆபீஸ் அடித்தளப் பார்க்கிங்கில் கூரை தாழ்வு என்பதால் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் நடப்பேன். இதெல்லாம் குறைதான், மறுக்கவில்லை. ஆனால் உயரத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது சாலை வேறாகத் தெரிகிறது. எதிரே வருகிறவன் ஒதுங்குகிறான். வாழ்க்கையில் எனக்காக யாரும் ஒதுங்கியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வீடு, அப்பா எங்கள் இருவருக்குமாக விட்டுப்போனது. கீழே அக்கா, மாடியில் நானும் என் மனைவியும். அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எப்போது திரும்பியது என்று முப்பது வருடம் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு வண்டிகளைப் பற்றிச் சொல்ல எப்போதும் ஏதாவது இருக்கும்.

மாடிப்படி கேட்டுக்குப் பக்கத்திலேயே ஏறிவிடும். அக்காவின் வாசல் அப்படியில்லை. வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் பாதி தூரம் உள்ளே வர வேண்டும். வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. பழைய சின்னக் கார் அந்தச் சந்தில் நின்றபோது பக்கத்தில் தாராளமாக நடக்கலாம். புது வண்டியைச் சுவரோடு ஒட்டி, கண்ணாடிகளை மடக்கி நிறுத்தினால் மிச்சம் பதினாறு அங்குலம். நான் கதவைத் திறந்து இறங்க வேறு இடமில்லை. அக்காவின் வாசல் குழிவு இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தி, அந்தக் குழிவுக்குள்தான் கதவைத் திறப்பேன். தினமும் சாயங்காலம் அவள் தன் கதவைச் சாத்திக்கொண்டால்தான் என்னால் இறங்க முடியும்.

அவள் அதற்குக் கோபப்படவில்லை. கேலிதான் செய்தாள். வண்டிக்கு அவள் வைத்த பெயர் பீரோ.

"என்னடா, பீரோ வந்துருச்சா? இரு இரு, கதவச் சாத்திக்கிறேன். நீ இறங்குறதுக்குள்ள எனக்கு ஒரு தூக்கம் ஆயிரும்."

நான் பின்பக்கமாக உள்ளே எடுக்கும்போது ஜன்னலில் வந்து நிற்பாள். வண்டியில் ஆறு கேமரா, பன்னிரண்டு சென்சார். அவளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "வா, வா, வரலாம். ஒடி. இன்னும் ஒடி. போதும், நேராக்கு. ஒரு சாண் இருக்கு, வா." டிப்போவில் டிரைவர்களிடம் கத்திய அதே குரல். எரிச்சலாக வரும். அவள் சொன்னதைக் கேட்காமல் ஒருநாள் திரையைப் பார்த்து ஒடித்தேன், பின் மூலை சுவரில் உரசியது. அவள் சிரிக்கவில்லை. "பரவால்ல விடு, புது வண்டின்னா ஒரு கோடு விழுந்தாதான் நம்ம வண்டி ஆகும்" என்றாள். சிரித்திருந்தால் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. என்னிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. அதை அவள் இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பதினாறு அங்குலத்தில் அவள் பக்கவாட்டில் நகர்ந்துதான் வெளியே போக வேண்டியிருந்தது. மூச்சிரைப்பு உள்ளவள். காலை நடையை முதலில் விட்டாள். பிறகு சாயங்காலம் கடைக்குப் போவதையும் விட்டாள், பகல் வெயில் அவளுக்கு ஆகாது. என் மனைவி இரண்டொரு முறை என்னிடம் சொன்னாள்.

"அவங்க வெளிய வந்து ரெண்டு வாரமாச்சுங்க. வண்டிய எங்கயாவது வாடகைக்கு நிறுத்தலாமே."

"வெளிய நிறுத்துனா கீறிட்டுப் போயிருவாங்க."

"கீறட்டுமே."

என் மனைவி வண்டி ஓட்டத் தெரிந்தவள்தான். ஆனால் இந்த வண்டியை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

கோடை தொடங்கியதும் தெருவில் பைப் பதிக்கத் தோண்டினார்கள். அந்தத் தூசியில் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வாரத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தது. முதல் இரண்டு தடவையும் பகலில் வந்தது. நான் ஆபீஸில் இருந்தேன், வண்டியும் என்னோடு இருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார், பிழைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை டாக்டரைப் போய்ப் பார்த்தது நான்தான். "வீட்ல வெச்சுச் சமாளிக்கலாம்னு நெனைக்காதீங்க. ஆரம்பிச்சா அரை மணி நேரத்துக்குள்ள இங்க இருக்கணும். அதுக்கு மேல எங்க கையில இல்ல" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அக்காவிடம் மட்டும், பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொன்னார் என்றேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் நான் லீவில் இருந்தேன். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். பத்து மணி சுமாருக்கு அக்கா ஜன்னல் கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான், அதை உங்கள் பதிவேட்டிலும் பார்த்திருப்பீர்கள். பத்து ஐந்துக்கு வந்துவிட்டது. டிரைவர் ஒருவர், உதவிக்கு ஒரு பெண். அந்தப் பெண் ஆக்சிஜன் சிலிண்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போய்விட்டாள். ஸ்ட்ரெச்சர் போகவில்லை. அதன் அகலம் இருபத்திரண்டு அங்குலம்.

"சார், வண்டிய எடுங்க" என்றார் டிரைவர்.

சாவியைக் காணவில்லை என்றேன். மேலே போய் இரண்டு மேஜை இழுப்பறைகளைத் திறந்து மூடினேன். சத்தம் கீழே கேட்கும்படிதான் மூடினேன். இன்னொரு சாவி மனைவியின் கைப்பையில், அவள் ஆபீஸ் நாற்பது நிமிடத் தூரம். தையல்காரர் ஓடிவந்தார். வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். இரண்டரை டன் வண்டி, அதுவும் பூட்டியிருந்தது. அசையுமா? டிரைவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஊரையே ஏத்திட்டுப் போற மாதிரி வண்டி வெச்சிருக்கீங்க, ஒரு ஆளு வெளிய வர வழியில்ல" என்றார். நியாயமான பேச்சுதான்.

அந்தப் பெண், அக்காவைப் போர்வையில் கிடத்தி எப்படியாவது தூக்கிவிடலாம் என்றாள். வாசல் குழிவிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"விடும்மா. அவன் வண்டில கோடு விழுந்துரும்."

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அந்த நிலையிலும் வாய் அடங்கவில்லையே என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் பானட்டின் மேலாகத் தூக்கினார்கள். இந்தப் பக்கம் டிரைவரும் தையல்காரரும், அந்தப் பக்கம் அந்தப் பெண் மட்டும். நடுவில் அக்கா வண்டியின் மேல் கொஞ்சநேரம் கிடந்தாள். சிலிண்டர் நழுவி பானட்டில் உரசியது. பத்து முப்பத்தேழுக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்முன்பே அக்கா போய்விட்டாள்.

இதுவரை எழுதியதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பதறிய நேரத்தில் சாவி கிடைக்காமல் போவது உலகத்தில் நடக்காததா? சந்தேகத்தை வரவழைத்தது என் தொழில் புத்தி. அவர்கள் தூக்க ஆரம்பிக்கும்முன் வண்டியை நாலு மூலையிலிருந்தும் படமெடுத்து வைத்தேன். பானட்டை மட்டும் தனியாக இரண்டு. பிற்பாடு கீறல் விழுந்தால் முன்பு இல்லை என்று காட்ட வேண்டுமே. இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாகப் போனது. காரியமெல்லாம் முடிந்த பத்தாம் நாள், ஏழு அங்குலக் கீறலுக்கு இன்ஷூரன்ஸில் விண்ணப்பித்தேன். முன்பு எடுத்த படம், பின்பு எடுத்த படம், எல்லாம் நேரத்தோடு இணைத்தேன். என் சொந்த வண்டி என்பதால் கம்பெனி வேறொரு சர்வேயரை அனுப்பியது. அவரை ஒரு காலத்தில் நான்தான் தொழில் பழக்கினேன். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"சார், சாவி கிடைக்கலன்னு எழுதியிருக்கீங்க. இந்தப் படத்துல கண்ணாடி விரிஞ்சிருக்கே. லைட்டும் எரியுது."

சாவி பக்கத்தில் வந்தால் இந்த வண்டி தன் எஜமானை வரவேற்கும். விளக்கு எரியும், மடங்கிய கண்ணாடிகள் விரியும். சாவி என் கால்சட்டைப் பையில் இருந்தது. நான் படமெடுக்கப் பக்கத்தில் போனதும் வழிப்பக்கக் கண்ணாடி விரிந்தது. வழி பதினாறிலிருந்து ஒன்பதாகக் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த அமளியில் வேறு யாரும் கவனிக்கவில்லை. அந்த சர்வேயர் படங்களைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, வேலையைச் சரியாகச் செய்தார்.

ஆக, சாவி என்னிடம்தான் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டு நாளும் நான் எதுவும் செய்யவில்லை என்று உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதும் ஒரு வகையில் உண்மைதான். நான் அவளைத் தொடவில்லை. தள்ளவில்லை. நிறுத்திய வண்டியை எடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த லீவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். திணறல் வந்த இரண்டு முறையும் வண்டி ஆபீஸில் இருந்தது, சந்து காலியாக இருந்தது. அதனால்தான் லீவு போட்டேன். ஐந்து நாள் வண்டியை அசைக்கவில்லை. ஆறாவது நாள் அவள் கம்பியைத் தட்டினாள்.

ஏன் என்று கேட்பீர்கள். அவள் மேல் வெறுப்பு என்று எழுதினால் உங்களுக்கு வசதியாக இருக்கும். ஆனால் அப்படி இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவள் அவள். வண்டி வாங்கியாகிவிட்டது, அதற்கு இடம் இல்லை. அவளுடைய முன்னறையை இடித்தால் வண்டி தாராளமாக நிற்கும், இரண்டு கதவும் முழுசாகத் திறக்கும். பலமுறை அளந்து பார்த்தேன், வேறு வழி அமையவில்லை.

அதனால் லீவு தொடங்குவதற்கு முந்தின நாள் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து அந்த அறையைக் காட்டினேன். சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தனக்கு வழி அகலமாக்கப் போகிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சந்தோஷம். "இப்பவாவது தோணுச்சே உனக்கு" என்று என் தோளில் தட்டிவிட்டு, எங்களுக்குத் தேநீர் போட உள்ளே போனாள். கொத்தனார் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"இடிக்கிறப்ப தூசி பறக்கும் சார். அக்காவ எங்க தங்க வைப்பீங்க?"

"இன்னும் பத்துப் பதினைஞ்சு நாள் கழிச்சு வாங்க. அவங்களுக்கு எடம் பாக்க வேண்டியிருக்காது" என்றேன்.

அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு இல்லை, ஒரு துணித் திரைதான். அதற்கு அந்தப் பக்கம் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, கொஞ்சநேரம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது. தேநீரை எடுத்துக்கொண்டு வந்தவள் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, சர்க்கரை போதுமா பார் என்றாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வாய்ப்பே இல்லை. விழுந்திருந்தால் சர்க்கரை போதுமா என்று கேட்டிருப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.